ஷாங்காயில் நான்கு வலத்திருப்பங்கள்

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு உரிய காலத்தில் அதைச் சொல்லாமல் விட்டுவிடுவது என் குறைகளுள் ஒன்று. மொழி தெரிந்த ஊர்களிலேயே அது பலமுறை நேர்ந்திருக்கிறது. மொழி தெரியாத ஓர் ஊரில் நேர்ந்ததை இப்போது எழுதுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், என் இருபத்திரண்டாம் வயதில், ஷாங்காய் நகரத்தில் நான் கழித்த முதல் நாள் அது.

நான் பிறந்தது குன்றாண்டார்கோவிலை அடுத்த ஒரு சிற்றூரில். படித்துப் பட்டம் பெற்றது புதுக்கோட்டையில். நம் நாட்டில் அழிந்துபோன பழைய நூல்கள் சில சீன மொழிபெயர்ப்பில் இன்னும் உயிரோடிருக்கின்றன என்று ஆசிரியர் ஒருவர் வகுப்பில் சொன்ன ஒற்றை வாக்கியம் என்னைப் பிடித்துக்கொண்டது. சீனம் பயில விரும்பும் மாணவருக்கு ஓராண்டு உதவிச் சம்பளம் அளிக்க ஒரு கல்விச் சங்கம் முன்வந்திருப்பதாகச் செய்தித்தாளில் கண்டு விண்ணப்பித்தேன், கிடைத்தது. தந்தையார் மகிழவில்லை. குளத்தூர்த் தாலுகா அலுவலகத்தில் எனக்கென்று ஓர் எழுத்தர் வேலையை அவர் பேசி வைத்திருந்தார். அந்த இடத்தை எனக்காகச் சில மாதங்கள் காலியாக வைத்திருக்கவும் அங்கிருந்தவர்கள் இசைந்திருந்தனர்.

“போயிட்டு வா. அங்க எடம் கெடைக்கலைன்னா வந்த கப்பல்லயே திரும்பி வந்து இங்கிட்டு ஒக்காரு. அதுக்கப்புறம் சீனம் கீனம்னு வாயத் தொறக்கப்படாது” என்றார். அவர் அளித்த இசைவு அவ்வளவே.

கல்லூரியிலிருந்து வந்த கடிதம் தெளிவாக இருந்தது. வகுப்புத் தொடங்குவதற்கு முந்திய நாள், பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணிக்குள், மாணவர் தாமே வந்து பதிவேட்டில் கையொப்பமிட வேண்டும். தவறினால் அந்த இடம் காத்திருக்கும் வேறொருவருக்குச் செல்லும். சில நாள் முன்னதாகவே சென்று சேரும்படி பயணத்தை வகுத்திருந்தேன். ஹாங்காங் துறைமுகத்தில் மூடுபனி அந்த நாள்களைத் தின்றுவிட்டது. கப்பல் ஷாங்காயை அடைந்தபோது கையொப்பமிட வேண்டிய அதே நாள் விடிந்து எட்டு மணி ஆகியிருந்தது.

ஆறு மஞ்சளாக இருந்தது. எங்கள் கண்மாய்கள் புதுவெள்ளத்தில் காட்டும் செந்நிறமன்று. குழைத்த சந்தனத்தில் சாம்பல் கலந்தாற் போன்ற நிறம். முகப்பில் கண் எழுதிய படகுகள் அதில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன; படகுகள் எங்களைப் பார்ப்பது போலவே இருந்தது. கரையில், ஒன்றன்மேல் ஒன்றாக எண்ணிக்கொண்டே போகலாம் என்னும்படி மாடிகள் உயர்ந்த கட்டடங்கள். அவற்றின் காலடியில் பஞ்சு வைத்துத் தைத்த நீல அங்கி அணிந்தவர்கள், தோளில் மூங்கில் தண்டும் அதன் இரு நுனியிலும் மூட்டையுமாக, ஒருவர் குரல் கொடுக்க மற்றவர் வாங்கிக்கொள்ள, ஓட்டமாகப் போய்க்கொண்டிருந்தனர். நாற்று நடுகிற வயலில் கேட்கும் குலவைக்கு உள்ள அதே முறைவைப்பு அந்தக் குரல்களிலும் இருந்தது.

என்னை அழைத்துச் செல்ல ஒருவர் வந்திருந்தார். குளத்தூர்ப் பக்கத்துக் கிறித்தவர். கப்பல்களில் சமையற்காரராக இருந்து, பின் ஷாங்காயிலேயே தங்கி, வடநாட்டுத் துணி வணிகர் ஒருவரின் கடையில் ஊழியர்களுக்குச் சமைத்துவந்தவர். என் தமையனார் அவர் உறவினரிடம் விசாரித்து முன்னதாகக் கடிதம் எழுதியிருந்தார். குளத்தூர் அண்ணன் என்றே அவரை அழைத்தேன். இங்கும் அப்படியே குறிப்பிடுகிறேன்.

“குன்னாண்டார்கோயில் தம்பிதானே? கோட்டுக்குக் கீழ வேட்டியப் பாத்ததும் வெளங்கிப்போச்சு” என்றார். “இந்தக் குளிருல வேட்டியும் நெத்தி நெறயப் பட்டையுமா எறங்குறதுக்கு நம்ம தாலுகாவ விட்டா வேற ஆளு ஏது?”

“கால்சட்டை பெட்டியில இருக்குண்ணே.”

“பெட்டிக்குக் குளுராதுல்ல. நல்லதுதான்.”

அவருடைய அறை துணிக்கடையின் பின்கட்டில், சமையலறைக்கு மேலே இருந்தது. அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி, சீனரின் பழைய நகரம் தொடங்கியது. என்னை அறையில் விட்டுவிட்டு, “இங்கிட்டே இருங்க. மத்தியானச் சோத்த வடிச்சு எறக்கிட்டு ஒன்றரைக்கெல்லாம் வாரேன். ரெண்டு மணிக்குக் காலேசுல கொண்டுபோய் விட்டுடுறேன். தனியா எங்கிட்டும் போயிறாதீங்க” என்று சொல்லிச் சமையலறைக்கு இறங்கினார்.

மணி பத்து. சன்னலுக்கு வெளியே தெரு முழுவதும் துணிப் பதாகைகள் தொங்கின. அவற்றில் எழுத்துகள் மேலிருந்து கீழாக இறங்கின. இந்த எழுத்துகளைக் கற்கவல்லவா கடல் கடந்து வந்தேன் என்னும் எண்ணம் என்னை எழுப்பியது. ஒரு தெருவைச் சுற்றிவிட்டு வந்துவிடலாம் என்றுதான் இறங்கினேன். கல்லூரிக் கடிதம் கோட்டுப் பையில் இருந்தது. அண்ணனிடம் சொல்லவில்லை, சொன்னால் விடமாட்டார் என்று தெரியும்.

அந்தக் காலைப்பொழுதின் முதல் இரண்டு மணிநேரத்தை இன்றும் எனக்குக் கிடைத்த கொடையாகவே எண்ணுகிறேன். பழைய நகரத்துள் தெருக்கள் குறுகின. இருபுறத்துக் கூரைகளும் வானத்தை ஒரு கோடாக்கின. ஆள் மூழ்கும் உயரத்துக்கு அடுக்கிய மூங்கில் தட்டுகளிலிருந்து ஆவி எழுந்தது. தட்டைத் திறந்தபோது உள்ளே வெண்மையான மாவுருண்டைகள் கைக்குழந்தையின் முட்டிபோலப் புடைத்திருந்தன. கூண்டோடு பறவையைத் தூக்கிக்கொண்டு வந்த முதியவர் ஒருவர், எதிரில் அதேபோல் கூண்டு தூக்கி வந்தவரைக் கண்டதும் நின்றார். இரு கூண்டுகளையும் பக்கத்தில் வைத்துவிட்டுப் பறவைகள் பேசி முடிக்கும்வரை இருவரும் வாய் திறவாமல் காத்திருந்தனர். தூரிகைக் கடை ஒன்றில் சுண்டுவிரல் அளவிலிருந்து தென்னம்பாளை அளவு வரை தூரிகைகள் தொங்கின. எங்கு நோக்கினும் எழுத்து. பட்டம் பெற்றவன் என்னும் செருக்கோடு வந்த நான் அந்தத் தெருவில் ஓர் எழுத்தும் அறியாதவன். எங்கள் ஊரில் கடிதத்தை நீட்டி, “இதைச் செத்த படிச்சுச் சொல்லுங்க” என்று நிற்பவர்களின் முகம் நினைவுக்கு வந்தது.

அங்கே ஒரு கோயில் இருந்தது. நகரத்தைக் காக்கும் தெய்வத்துக்கு உரியது என்று பின்னர் அறிந்தேன். அன்று எனக்குத் தெரிந்தது ஊதுவத்திப் புகையும், வாயிலின் இருமருங்கும் நின்ற கல் சிங்கங்களும், உள்ளே சிவந்த முகமும் கரிய தாடியுமாக அமர்ந்திருந்த பேருருவமுமே. எல்லையில் காவல் நிற்கும் எங்கள் ஐயனார் சற்றே பருத்து, உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டதுபோல் இருந்தது. பழக்கத்தால் காலணிகளைக் கழற்றினேன். சென்னையில் வாங்கிய புதுத் தோற்காலணிகள். காலுறைகளை அவற்றுள் திணித்துச் சிங்கத்தின் அருகே ஒழுங்காக வைத்துவிட்டு உள்ளே சென்றேன். மற்றவர் எல்லாரும் காலணியோடு நடமாடுவதைக் கண்டேன். இவர்கள் எவ்வளவு அசட்டையானவர்கள் என்றும் நினைத்தேன். வழிபட்டு, வலம்வந்து, வெளியே வந்தேன். சிங்கம் இருந்தது, காலணிகள் இல்லை.

எடுத்தவரைக் குறைகூற இன்றும் எனக்கு மனம் வரவில்லை. கடுங்குளிரில் தெருவோரம் ஒருவர் புதுக்காலணியை விட்டுச் சென்றால் அது வேண்டாதது என்றே யாரும் கொள்வர்.

குன்றாண்டார்கோவிலிலிருந்து குளத்தூர்வரை வெறுங்காலால் நடந்தவன் நான். இது என்ன பெரிது என்று நடக்கத் தொடங்கினேன். வெயிலில் காய்ந்த செம்மண்ணுக்குப் பழகிய உள்ளங்கால், ஈரம் உறைந்த கருங்கல்லை அறியாது. ஐந்து நிமிடத்தில் எரிந்தது. பத்து நிமிடத்தில் மரத்தது. அறைக்குத் திரும்ப வேண்டும் என்று எண்ணியபோதுதான் என் இரண்டாவது பிழை தொடங்கிற்று.

புதுக்கோட்டை நகரைக் கண்டவர்களுக்கு அந்தப் பிழை விளங்கும். அங்கே வீதிகள் ஒன்றையொன்று செங்குத்தாக வெட்டுகின்றன. அரண்மனையைச் சூழ்ந்த இராச வீதிகள் நாற்றிசைக்கும் நேராக ஓடுகின்றன. எங்கே புறப்பட்டாலும் வலப்புறம் நான்கு முறை திரும்பினால் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரலாம். கல்லூரி நாள்களில் நண்பர்களோடு பேசிக்கொண்டே அப்படிச் சுற்றுவது எங்கள் மாலைப்பொழுது. நகரம் என்றால் இவ்வாறே இருக்கும் என்பதை நான் ஒருபோதும் ஐயுற்றதில்லை. ஆகவே வலப்புறம் திரும்பினேன். நான்கு முறை திரும்பினேன். சவப்பெட்டி செய்பவர்களின் தெருவில் நின்றேன். எண்ணுவதில் தவறியிருப்பேன் என்று மீண்டும் நான்கு முறை திரும்பினேன். உப்பிட்ட மீன் மணக்கும் ஒரு முடுக்கின் முடிவில், சுவரைப் பார்த்து நின்றேன். அந்தப் பழைய நகரம் முன்னர் வட்டமான மதிலுக்குள் இருந்தது என்பதும், வட்டத்துள் அமைந்த சந்துகள் வளைந்தே செல்லும் என்பதும் பின்னாளில் எனக்குப் பிறர் சொல்லித் தெரிந்தவை. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் என் கடிகாரத்தில் மணி இரண்டரை என்பதுதான்.

காலையில் ஆற்றங்கரையில் சீக்கியக் காவலர்களைக் கண்டிருந்தேன்; வெள்ளையர் ஆளும் பகுதியோடு அவர்கள் எல்லை முடிந்துவிட்டது. வழியில் போனவர்களிடம் ஆங்கிலத்தில் கேட்டேன், புன்னகைத்தார்கள். கடிதத்தை நீட்டினேன். அதன் தலைப்பில் கல்லூரியின் பெயரும் தெருவும் சீனத்தில் அச்சாகியிருந்தன. ஒருவர் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துத் திருப்பித் தந்தார். வேறொருவர் கிழக்கே காட்டினார்; அவர் மனைவி அவர் கையைத் தட்டிவிட்டு மேற்கே காட்டினார். மூன்று மணி ஆயிற்று. தாலுகா அலுவலகத்தின் அந்த நாற்காலி கண்முன் வந்து நின்றது. அதில் அமர்வது இழிவென்று நான் கருதவில்லை. ஆனால் என் வாழ்நாள் முழுவதும் அதன் நான்கு கால்களுக்குள் அடங்கிவிடும் என்று அந்தக் குளிரில் முதன்முறையாக அஞ்சினேன்.

அப்போது நான் நின்றது ஒரு வெந்நீர்க் கடை முன்னால். அந்நகரில் வெந்நீரை விற்பார்கள். விறகு அருமையானதால் வீடுதோறும் அடுப்பு மூட்டாமல், கலத்தைக் கொண்டுவந்து கொதிநீர் வாங்கிச் செல்வார்கள். செங்கல் அடுப்பில் பெரிய கொப்பரைகள் கொதித்துக்கொண்டிருந்தன. அடுப்புக்குப் பின்னால் நடுவயதுப் பெண்மணி ஒருவர், நீர் மொள்ளும் நீண்ட பிடியுள்ள முகவையோடு நின்றார். கடிதத்தை நீட்டினேன். அவர் கடிதத்தைப் பார்க்கவில்லை. என் நெற்றியைப் பார்த்தார், கால்களைப் பார்த்தார். முகவையை வைத்துவிட்டு வந்து என் தோளைப் பிடித்து விசிப்பலகையில் அமர்த்தினார்.

வரிசையில் நின்றவர்கள் ஏதோ சொன்னார்கள். அவர் ஒரே சொல்லில் அவர்களை அடக்கினார். மரத்தொட்டியில் வெந்நீரும் தண்ணீரும் விளாவி, தன் முழங்கையை நனைத்துச் சூடு பார்த்து, என் கால்களை எடுத்து அதில் வைத்தார். நான் கூச்சத்தால் இழுத்துக்கொண்டேன். அவர் மீண்டும் வைத்தார். வீட்டுக்கு வருபவர்க்குக் கால் கழுவ நீர் தருவது எங்கள் ஊர் வழக்கம். செம்பை நீட்டுவதோடு எங்கள் உபசாரம் நின்றுவிடும். உணர்வு திரும்பியபோது ஏற்பட்ட வலியில் என் கண்கள் கலங்கின. அழுகிறேன் என்று எண்ணி அவர் ஒரு கிண்ணம் தேநீர் ஊற்றித் தந்தார்.

இங்கே மூன்றாவது பிழை. எச்சில்படாமல் அண்ணாந்து குடித்தே வளர்ந்தவன். கிண்ணத்தை உயர்த்தி வாயில் ஊற்றினேன். கொதிக்கும் தேநீர் மோவாயிலும் கோட்டிலும் வழிந்தது. வரிசை முழுவதும் சிரித்தது. ஒருவர் என்னைப்போலவே அண்ணாந்து நடித்துக் காட்ட, மீண்டும் சிரித்தது. அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. தனக்கு ஒரு கிண்ணம் ஊற்றி, உதட்டில் வைத்து உறிஞ்சிக் காட்டினார். எத்தனையோ உதடுகள் பட்ட கிண்ணம் என்னும் எண்ணம் ஒருகணம் தடுத்தது. பிறகு நானும் உதட்டில் வைத்தேன். வாழ்வில் முதன்முறையாக.

அதன்பின்பே அவர் கடிதத்தை வாங்கினார். அவருக்கும் படிக்கத் தெரியவில்லை. எதிர்க்கடைத் தாள் வணிகரைக் கூவி அழைத்தார். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து அணிந்து, தலைப்பை உரக்கப் படித்தார். வெந்நீர் வாங்க வந்திருந்த ரிக்‌ஷாக்காரர் ஒருவர் வழி சொன்னார், தாள் வணிகர் மறுத்தார், இருவரும் வாதிட்டனர். அதற்குள் பெண்மணி உள்ளே சென்று, அடிப்பகுதியைத் துணியால் அடுக்கித் தைத்த கறுப்புக் காலணி ஓர் இணையைக் கொண்டுவந்து என் கால்களைத் துடைத்து மாட்டினார். குதிகால் பாதி வெளியே நின்றது. வாதத்தில் வென்றவர் ரிக்‌ஷாக்காரர் என்று, அவர் என்னை வண்டியில் ஏற்றியபோது புரிந்துகொண்டேன். மணி நாலேகால். நன்றி என்பதற்குச் சீனத்தில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. கைகூப்பினேன். அவர் அதற்குள் முகவையை எடுத்துக்கொண்டு வரிசைக்குத் திரும்பிவிட்டார்.

ரிக்‌ஷாக்காரர் ஓடினார். டிராம் வண்டிகள் மணியடித்துத் திட்டின. அவரும் திருப்பித் திட்டினார். கல்லூரி வாயிலை அடைந்தபோது ஐந்துக்குப் பன்னிரண்டு நிமிடம் இருந்தது. அலுவலக அறையின் வாயிற்படியில், கதவை மூட முடியாதபடி, என் பெட்டியைக் குறுக்கே போட்டு அதன்மேல் அமர்ந்திருந்தார் குளத்தூர் அண்ணன். உள்ளே எழுத்தர் கையில் சாவியோடு நின்றார்.

“வந்துட்டீங்களா, துரை” என்றார் அண்ணன், எழாமலே. “ஊரச் சுத்திப் பாத்தாச்சா? இன்னும் ரெண்டு தெரு பாக்கி இருந்தாலும் பாத்துட்டே வாங்க.”

“அண்ணே, வழி தவறிப்போச்சு.”

“ரெண்டு மணியிலேருந்து தெருத்தெருவாத் தேடுனேன். நாலு மணிக்கு இங்கிட்டு வந்தேன். இந்த மனுசன் நாலரைக்கே பூட்டப் பாத்தாரு. பூட்டுனா என்னையும் சேத்துப் பூட்டுங்கன்னுட்டு ஒக்காந்துட்டேன்.” அப்போதுதான் என் கால்களைப் பார்த்தார். “இது யாரு செருப்பு? ஒங்க சோடு எங்க?”

கோயிலைப் பற்றிச் சொன்னேன்.

“செருப்பக் கழட்டி வெச்சிட்டு நொழைய இது என்ன குன்னாண்டார்கோயிலா?” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “போங்க, மொதல்ல கையெழுத்தப் போடுங்க. ராத்திரிச் சோத்துக்கு உலையக்கூட வைக்காம வந்துட்டேன். இந்நேரம் கடையில என் பேரச் சொல்லிச் சொல்லிப் பல்லக் கடிச்சிக்கிட்டு இருப்பாங்க” என்றார்.

எழுத்தர் ஆங்கிலம் அறிந்தவர். பதிவேட்டைத் திறந்தார். என் பெயரை ஒருமுறை சொல்லச் சொல்லிக் கேட்டார். அதன் நீளத்துக்கு வருந்துபவர்போல் தலையசைத்து, மூன்று சீன எழுத்துகளைத் தூரிகையால் எழுதினார். “இது இனி உம்முடைய பெயர்” என்று அதை ஒருமுறை உச்சரித்தும் காட்டினார். பக்கத்தில் கையொப்பமிட்டேன். விரல்கள் விறைத்திருந்ததால் அது என் கையொப்பம்போலவே இல்லை. அவர் மறுக்கவில்லை.

அண்ணனை அன்றிரவு கடைக்காரர் கடிந்துகொண்டதாகப் பின்னர் அறிந்தேன். அவர் சொல்லி அல்ல, பிறர் சொல்லி. அடுத்த ஞாயிறு அவரையே அழைத்துக்கொண்டு வெந்நீர்க் கடையைத் தேடிப் போனேன். அரைநாள் அலைந்து கண்டுபிடித்தோம். நான் கற்று வைத்திருந்த நன்றிச் சொல்லைச் சொன்னேன். பெண்மணி அண்ணனிடம் நெடுநேரம் பேசினார். அண்ணன் சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னார்:

“ஒங்களப் புத்தர் நாட்டுச் சாமியார்னுல்ல நெனச்சிருக்காங்க. நெத்தியில சாம்பலு, குளிருல வெறுங்காலு. வேண்டுதலுக்கு நடக்குறீங்கன்னு நெனச்சுக் காலக் கழுவி விட்டாங்களாம். நான் உள்ளதச் சொல்லிட்டேன், தம்பி. மறைக்க மனசு வல்லை.”

“என்ன சொன்னாங்க?”

“சாமியாரா இல்லாட்டியும் கழுவித்தான் விட்டிருப்பேன்னாங்க. வெந்நி மட்டும் கொஞ்சம் கொறச்சு ஊத்தியிருப்பாங்களாம்.”

துணிக்காலணிகளை அவர் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. தேநீர் தந்தார், நான் எப்படிக் குடிக்கிறேன் என்று வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பார்த்தனர்.

அந்த ஞாயிற்றுக்கு முன்பே, கையொப்பமிட்ட மறுநாள் காலையில், வகுப்பு தொடங்கிவிட்டது. இருபதுக்கு மேற்பட்ட மாணவர் இருந்தோம், பல நாட்டினர். ஆசிரியர் நீண்ட சாம்பல்நிற அங்கியில் வந்து, பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களைப் படித்தார். ஒவ்வொருவராக எழுந்து விடை சொன்னார்கள். ஒரு பெயருக்கு எவரும் எழவில்லை. ஆசிரியர் மீண்டும் படித்தார். வராமல் போன அந்த மாணவருக்காக இரங்கினேன். எவ்வளவு தொலைவிலிருந்து புறப்பட்டவரோ, எந்தச் சந்தில் நிற்கிறாரோ என்று எண்ணினேன். ஆசிரியர் பதிவேட்டிலிருந்து கண்களை உயர்த்தி, நேராக என்னைப் பார்த்து, அந்த மூன்று ஒலிகளையும் ஒவ்வொன்றாக, மெதுவாக, மூன்றாவது முறை சொன்னார்.

எழுந்து நின்றேன்.